தன்விவரம் எழுதுவது எப்படி?

(நோணாங்குப்பத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னாடி பேசச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்டதும் சுண்ணாம்பாற்றில் படகு வேறு காத்திருக்கிறது. ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கும், ஆராய்ச்சிப் படிப்புக்கும் நாம் அனுப்புகிற தன்விவரம் பற்றித்தான் என் பேச்சு. சி.வி. என்கிறோம். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் 'சே வே' என்பார்கள். மூலம் லத்தீன், வாழ்க்கையின் ஓட்டம் என்று பொருள். ஆனால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுவது சி.வி. அல்ல, பயோடேட்டா. தகப்பனார் பெயர், மதம், சாதி, உயரம், திருமணம் ஆனதா இல்லையா... இதெல்லாம் கல்யாணத் தரகருக்கு வேண்டும். இட ஒதுக்கீட்டு விவரம் கேட்டால், அதற்கென்று உள்ள விண்ணப்பப் படிவத்தில், சான்றிதழோடு கொடுங்கள். தன்விவரத்தில் உங்கள் படிப்பும் உழைப்பும்தான் பேச வேண்டும்.

நான் பணியிலிருந்த காலத்தில் சில தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். மேசையில் கட்டுக்கட்டாக விண்ணப்பங்கள் இருக்கும். படிப்பவருக்கு உங்களைத் தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் அவர் மனதில் எழுகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இதற்கு என்ன சாட்சி?" தெரியாத ஒருவர் சரிபார்க்கக்கூடிய வரியை எழுதுங்கள். அதுதான் நல்ல தன்விவரம்.

இங்கே பக்கத்திலேயே இருக்கிறது அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். இத்தாலியில் செய்த ஒருவகைச் சிவப்புப் பாண்டத்தின் ஓடுகள் கிடைத்தன. அந்தப் பாண்டம் எந்தக் காலத்தது என்பது ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்தது. அதை வைத்து, அதே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. காலம் தெரிந்த ஒரு துண்டு, கூட இருந்தவற்றுக்கெல்லாம் ஜாமீன் நின்றது! தன்விவரத்தில் ஆண்டும் இடமும் செய்கிற வேலை இதேதான். "கற்பித்தலில் நல்ல அனுபவம் உண்டு" என்பது காற்றில் போகிற வரி. எந்தக் கல்லூரி, எந்த வகுப்பு, எந்தத் தாள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று எழுதினால் அது நிற்கும்.

கட்டுரைப் பட்டியலும் அப்படியே. அந்த அரிக்கமேட்டு அறிக்கை 1946-இல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழின் 2-ஆம் எண்ணில் வந்தது. வீலர், ஏ. கோஷ், கிருஷ்ண தேவ என்று மூன்று பெயர்கள் அதில் உண்டு. நீங்களும் கூட எழுதியவர் பெயரை விடாமல், அச்சான வரிசையிலேயே போடுங்கள். தலைப்பு, இதழ், எண், ஆண்டு, பக்கம் எல்லாம் வேண்டும். அச்சானது வேறு, ஏற்கப்பட்டது வேறு, அனுப்பி வைத்தது வேறு, மூன்றையும் கலக்காதீர்கள். கருத்தரங்கில் படித்ததைத் தனியாகப் பிரியுங்கள். ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் காட்டி எண்ணிக்கையை ஏற்றினால், நேர்காணலில் முதல் கேள்வியே அதில்தான் வரும். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுகிற இதழ்களை நம்பி ஏமாறவும் வேண்டாம்.

"சார், எங்கிட்ட எழுத ஒண்ணுமே இல்லையே!" என்று சில பிள்ளைகள் வருவார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள். அவர்களுக்கு நான் கணிதமேதை இராமானுஜனைக் காட்டுவேன். 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு எழுத்தர் வேலை கேட்டு விண்ணப்பித்தார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்து, சூழ்நிலையால் மேலே தொடர முடியாமல் போனதையும், அதன்பின் முழுநேரமும் கணிதத்தில் ஈடுபட்டதையும் சொன்னார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரையையும் சேர்த்தார். வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலோ, தாம் ஒரு குமாஸ்தா, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று சொல்லிவிட்டு, தாம் கண்ட தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்தார். 1914-இல் கப்பலேறினார், 1918-இல் ராயல் சொசைட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது.

நாமெல்லாம் இராமானுஜன் ஆக முடியாது, சரிதான். ஆனால் இரண்டு பாடம் கற்கலாம். ஒன்று, படிப்பவர் யாரோ அவருக்கு வேண்டியதை முன்னால் வைத்தார். கற்பிக்கும் வேலை என்றால் கற்பித்தலை முன்னால் வையுங்கள். ஆராய்ச்சி என்றால் ஆய்வேடும் கட்டுரையும் முன்னால் வரட்டும். இரண்டு, இடையில் விழுந்த பள்ளத்தை மூடி மறைக்கவில்லை. குழந்தை பிறந்து மூன்று வருஷம் வீட்டில் இருந்தீர்களா தங்கச்சி? ஆண்டைப் போட்டு ஒரே வரியில் எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

மதிப்பெண் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறையில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணலுக்கு அழைக்க 100 மதிப்பெண் பட்டியல் உண்டு. அதில் முனைவர் பட்டத்துக்கு 30, ஆய்வுக் கட்டுரைகளுக்கு அதிகபட்சம் 10, கற்பித்தல் அனுபவத்துக்கு அதிகபட்சம் 10. கல்லூரிகளுக்குத் தனிப் பட்டியல். இந்த மதிப்பெண் வாசல் வரைதான் கூட்டிப்போகும், தேர்வு நேர்காணலில்தான். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு அறிவிப்பையும் முழுக்கப் படியுங்கள்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். அண்மையில் செய்ததை மேலே எழுதுங்கள். ஆய்வேட்டின் தலைப்பும் நெறியாளர் பெயரும் கட்டாயம் இருக்கட்டும். பரிந்துரைப்பவர் பெயரைப் போடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒவ்வொரு பருவமும் முடிகிறபோது தன்விவரத்தை எடுத்துப் புதுப்பியுங்கள். கடைசித் தேதிக்கு முந்தைய ராத்திரி சான்றிதழ் தேடினால் பாதி மறந்துபோகும். அனுப்புமுன் வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். நம் பிழை நம் கண்ணுக்குப் படாது.

அந்த 'வேறொருவர்' யார் என்பதுதான் கேள்வி. படித்த வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவோ மாமாவோ பார்த்துக் கொடுப்பார். மீன்பிடிக்கிற வீட்டிலிருந்தும் கழனி வேலை செய்கிற வீட்டிலிருந்தும் வருகிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்? நாம்தான் இருக்க வேண்டும். பழைய மாணவர்களே, நிதி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, ஆளுக்கு இரண்டு பிள்ளைகளின் தன்விவரத்தை இந்த வருஷம் உட்கார்ந்து திருத்திக் கொடுங்கள். அரை நாள் வேலை. ஒரு குடும்பத்தின் தலைமுறையே அதனால் மாறலாம்.

தம்பி தங்கைகளே, கூச்சப்படாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். செய்ததைக் குறைத்தும் எழுதாதீர்கள், கூட்டியும் எழுதாதீர்கள்.