பூட்டிய கதவும் தீயும்

(கிளைப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச நம்மிடையே வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். இன்று எனக்குத் தலைவர் அவர்கள் கொடுத்திருக்கும் பொருள் தீ. "தீயைப் பற்றிப் பேச இவர் என்ன பொம்பாக்காரரா?" என்று நீங்கள் கேட்கலாம். நான் பொம்பாக்காரன் அல்லன். ஒரு கதவைப் பூட்டியவன். அந்த ஒரு தகுதியோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த தோட்டத்தில் ஸ்டோருக்கு இரண்டு கதவுகள். பின்கதவு வழியாகச் சாமான் களவு போகிறது, பூட்டி வை என்று மேலிருந்து உத்தரவு வந்தது. பூட்டினேன். சாவியை ஆபீசில் என் மேசைக்குள் வைத்தேன். ஒரு நாள் பிற்பகல், முன்வாசலை ஒட்டி அடுக்கியிருந்த சாக்குகளில் தீப்பிடித்தது. பக்கத்திலேயே புல்வெட்டும் இயந்திரத்துக்கான பெட்ரோல். உள்ளே சாமான் எண்ணிக்கொண்டிருந்த இருவர் பின்கதவுக்கு ஓடினார்கள். பூட்டு! நான் சாவியோடு ஓடி வருவதற்குள், வெளியே நின்ற தோழர்கள் கோடாரியால் கதவைப் பிளந்து இருவரையும் இழுத்துவிட்டார்கள். உயிர் போகவில்லை. ஆனால் ஒருவர் புகை குடித்த நெஞ்சோடு பல நாள் படுத்துக் கிடந்தார். பார்க்கப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஐயா, சாவி எங்கே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். நான் தலை குனிந்தேன்.

தோழர்களே! அந்தக் கேள்வியைத் தொழிலாளர் உலகம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கேட்டிருக்கிறது. 1911ஆம் ஆண்டு மார்ச் 25, சனிக்கிழமை மாலை. நியூயார்க் நகரில் ஒரு 10 மாடிக் கட்டடம். அதன் மேல் மூன்று மாடிகளில் 'டிரையாங்கிள்' என்னும் சட்டைத் தொழிற்சாலை. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்கவந்த இளம்பெண்கள். வேலை முடியும் நேரம். எட்டாம் மாடியில் வெட்டுத்துணி போட்டுவைத்த பெட்டியில் தீப்பற்றியது. பத்தாம் மாடிக்குத் தொலைபேசியில் செய்தி போயிற்று. முதலாளிகள் கூரை வழியே தப்பினார்கள். ஒன்பதாம் மாடிக்குச் சொல்வாரில்லை. அபாய மணியும் இல்லை. தீ வந்தபோதுதான் அங்கிருந்தவர்கள் தீயைக் கண்டார்கள்.

அந்த மாடியில் ஒரு பக்கத்துக் கதவு பூட்டிக் கிடந்தது. ஏன்? வீடு திரும்பும் பெண்கள் அனைவரும் ஒரே வாசலால் போகவேண்டும். அங்கே அவர்களுடைய கைப்பைகளைச் சோதிக்கவேண்டும். துண்டுத்துணி களவு போகக்கூடாது என்பதற்காக! வெளிப்புற இரும்பு ஏணிப்படி பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. அரைமணி நேரத்துக்குள் 146 பேர் மாண்டனர். அவர்களில் 123 பேர் பெண்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்தக் கட்டடத்துக்குத் 'தீயில் அழியாத கட்டடம்' என்று பெயர். அது உண்மைதான், இன்றும் அது நின்றுகொண்டிருக்கிறது. கட்டடம் பிழைத்தது, மனிதர் மாண்டனர். ஆகவே, சுவரைக் காப்பது வேறு, ஆளைக் காப்பது வேறு என்பதை நாம் மனத்தில் பதிக்கவேண்டும்.

ஆளைக் காக்க என்ன வேண்டும்? முதலாவது, மணி. தீயைக் கண்டவன் ஒருவன், தப்பவேண்டியவர்கள் நூறு பேர். அந்த ஒருவனுடைய செய்தி ஒரே நொடியில் நூறு காதுகளில் விழவேண்டும். இரண்டாவது, வழி. ஒரு வழியை நெருப்பு அடைத்தால் மறு வழி இருக்கவேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். கூட்டம் நெருக்கும்போது உட்பக்கம் திறக்கும் கதவு சுவராகிவிடும். உள்ளே இருப்பவன் சாவியில்லாமல் திறக்கவேண்டும். மூன்றாவது, தண்ணீர். பெரிய கடைகளின் கூரையில் சிறு கண்ணாடிக் குமிழ் பதித்த குழாய் முனைகளைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் சூடு ஏறி ஏறக்குறைய 68 பாகையை எட்டினால் குமிழ் வெடித்து நீர் பொழியும். எல்லா முனைகளும் திறப்பதில்லை. தீக்கு அருகில் உள்ளவை மட்டுமே திறக்கும். இந்தக் கருவி 1911க்கு முன்பே இருந்தது. டிரையாங்கிள் தொழிற்சாலையில் இல்லை.

நான்காவது, புகை. தீயில் சாகிறவர்களில் பலரைக் கொல்வது நெருப்பு அல்ல, புகைதான். சூடான புகை மேலே ஏறும். தரையருகில் சற்று நல்ல காற்று இருக்கும். ஆகையால் குனிந்து, தவழ்ந்து வெளியேறுங்கள். வெளியேறும்போது கதவைச் சாத்துங்கள், பூட்டாதீர்கள். சாத்திய கதவு புகையைத் தடுக்கும். பூட்டிய கதவு ஆளையே தடுக்கும்.

இது அயல்நாட்டுப் பழங்கதை என்று எண்ணாதீர்கள். 2017 செப்டம்பர் 14 விடியற்காலை, நம் கோலாலம்பூரில், டத்தோ கெராமாட்டில், சமயப் பள்ளி ஒன்றின் விடுதியில் 23 பேர் மாண்டனர். அவர்களில் 21 பேர் மாணவர்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி, பிள்ளைகள் தப்பமுடியவில்லை. நம் வீடுகளிலும் திருடனுக்குப் பயந்து கம்பி போடுகிறோம். போடுங்கள். ஆனால் ஒரு ஜன்னல் கம்பியாவது உள்ளிருந்து திறக்கட்டும். அதன் சாவி பிள்ளைகளுக்கும் தெரிந்த இடத்தில் தொங்கட்டும்.

நியூயார்க்கில் பின்பு என்ன நடந்தது? முதலாளிகள் இருவர்மீதும் வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது உறுதியாகவில்லை என்று ஜூரிகள் விடுதலை செய்தனர். அந்தப் பெண்கள் 1909லேயே வேலைநிறுத்தம் செய்தவர்கள்; அவர்களுடைய சங்கத்தை ஏற்க அந்த முதலாளிகள் மறுத்தார்கள். தீக்குப் பிறகு இலட்சம் பேருக்கு மேல் மழையில் ஊர்வலம் போனார்கள். அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. சில ஆண்டுகளுக்குள் 30க்கும் மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன. நீதிமன்றம் தராததைத் தொழிலாளர் ஒற்றுமை தந்தது!

நமக்கும் சட்டம் உண்டு. 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டப்படி, 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும். உடனடி ஆபத்து இருக்கிறதென்று தக்க காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால் அவ்விடம் விட்டு விலகலாம் என்ற உரிமையும் 2024 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. ஏட்டில் இருக்கும் உரிமை சுரைக்காய் ஆகாமல் பார்ப்பது சங்கத்தின் வேலை.

ஆகவே, இந்தக் கிளை மூன்று காரியம் செய்யவேண்டுமென்று முன்மொழிகிறேன். ஸ்டோர், விடுதி, ஆயாக் கொட்டகை ஆகியவற்றின் கதவுகளைக் குழு மாதம் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். பெட்ரோல் வாசலருகே இருக்கவேண்டாம். தனி இடம் கேட்போம். ஆண்டுக்கு இருமுறை மணியடித்து, பெரியோரும் பிள்ளைகளும் வெளியேறிப் பழகுவோம்.

கிராணி நண்பர்களே! உங்களுக்குத் தனியே ஒரு சொல். கதவைப் பூட்டு என்று உத்தரவு வந்தால், "உள்ளே ஆள் இருக்கும்போது பூட்டமாட்டேன்" என்று சொல்லுங்கள். தனியே சொல்லப் பயமா? சங்கத்தோடு சேர்ந்து சொல்லுங்கள். அன்று எனக்கு அந்தத் துணிவு இருக்கவில்லை. இன்று இருக்கிறது.