பொதுச் சுகாதாரமும் நமது பங்கும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மேடையில் சுகாதார மானியத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்தினோம், விடுதி நடத்தினோம், நூல்களும் உதவித்தொகையும் வழங்கினோம். அவ்வாண்டுகளின் வருகைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நம் பிள்ளைகள் வகுப்புக்கு வராத நாட்களுக்குப் பெரும்பாலும் காரணம் சோம்பலன்று. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சொறிசிரங்கு, வீட்டில் படுக்கையில் கிடக்கும் தாய், தண்ணீருக்குக் குடம் தூக்கிச் சென்ற மூத்த பெண் ஆகியவையே காரணங்கள். நல்ல தண்ணீர் வராத தெருவில் கல்வியும் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே சுகாதாரம் நமக்கு அயலான பொருளன்று. நம் கழகத்தின் முதற்பாடம்.

முதலில் மானியம் என்னும் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். மானியம் என்றவுடன் மேலிருப்போர் கீழிருப்போர்க்கு இரங்கி இடும் கொடை என்று நம்மவர் பலர் நினைக்கின்றனர். அது தவறு. நம் அரசியல் சட்டம் பொதுச் சுகாதாரத்தை மாநிலங்களின் பொறுப்பில் வைத்தது. பெரிய வரிகளை விதிக்கும் உரிமையில் பெரும்பகுதியை மத்திய அரசிடம் வைத்தது. பணம் ஓரிடத்திலும் பணி வேறிடத்திலும் இருப்பதால், அப்பணம் கீழிறங்கி வருவதற்கு வழி வேண்டும். அதற்காகவே ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு அமைக்கப்படுகிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களில் குடிநீரையும் சுகாதாரத்தையும் சேர்த்தது. தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி செலுத்துகிறார். அவர் செலுத்திய வரி தில்லி சென்று, சென்னை வந்து, ஊராட்சியின் கணக்கில் சேரும்போது அதற்கு மானியம் என்று பெயர். நம் பணம் நம்மிடம் திரும்பி வருவதற்கு நாம் ஏன் கைகட்டி நிற்கவேண்டும்?

அப்பணம் சிறிதன்று. பதினைந்தாம் நிதிக்குழு 2021–22 முதல் 2025–26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, உள்ளாட்சிகளின் வழியாகச் சுகாதாரத்திற்கென்றே 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. கட்டடமற்ற துணை சுகாதார நிலையங்களுக்குக் கட்டடம், நோயறியும் பரிசோதனை வசதிகள், வட்டார அளவில் பொதுச் சுகாதார அலகுகள் ஆகியவற்றுக்கென அது வகுக்கப்பட்டது. அதுவன்றி, ஊரக உள்ளாட்சிகளுக்கான பொது மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிடவேண்டும் என்றும் கட்டுப்படுத்தியது. 2005இல் தொடங்கிய ஊரகச் சுகாதார இயக்கத்தின்கீழ், கிராம சுகாதாரத் துப்புரவு ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் நிபந்தனையற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. அக்குழுவில் நலிந்த பிரிவினரும் பெண்களும் இடம்பெறவேண்டும் என்பது விதி. நம் தெருவில் எத்தனை பேர் அக்குழுவின் பெயரையேனும் கேட்டிருக்கின்றனர்?

நம் மாநிலத்திற்கு இத்துறையில் பழம்பெருமை உண்டு. 1939ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. நகராட்சிகள் அரசு மானியம் நீங்கலாகத் தம் வருவாயில் நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையாமல் சுகாதாரத்துக்கு ஒதுக்கவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. சட்டம் செய்தோர் அறிவுடையோர், ஐயமில்லை. ஆனால் சட்டமும் நிதியும் தாமாகக் காலெடுத்து நடந்து சேரிக்கு வந்ததாக வரலாறு இல்லை.

இதற்குச் சான்று நம் முன்னோரின் வாழ்விலேயே உண்டு. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதார் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. 1924இல் மகாத் நகராட்சி தன் சௌதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதியது. அதே ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசனார் பொதுப் பாதை, பொதுக் கிணறு ஆகியவற்றில் நம்மவர் உரிமையை நிலைநாட்டும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தீர்மானம் ஏட்டில் இருந்தது. தண்ணீர் குளத்தில் இருந்தது. இரண்டையும் இணைக்க மனிதர் நடக்கவேண்டியிருந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அக்குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினார். அதன்பின் சாதியினர் குளத்தைத் 'தூய்மை' செய்ததும், வழக்காடியதும், 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்ததும் நாம் அறிந்தவை. நகராட்சித் தீர்மானத்துக்கும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் ஓடின.

இன்று குளத்தின் இடத்தில் குழாய் வந்திருக்கிறது. ஆயினும் பழைய தொலைவு முற்றும் மறைந்துவிடவில்லை. ஊரின் நடுவே மேல்நிலைத் தொட்டி. அங்கிருந்து புறப்படும் குழாய் தேரோடும் தெரு, கடைத்தெரு எல்லாம் கடந்து கடைசியாகக் காலனிக்கு வருகிறது. முதல் வீட்டில் குடம் நிரம்பி வழியும். கடைசி வீட்டில் காற்று வரும், பின்பு கலங்கல் வரும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடித்த தொட்டியிலேயே மனித மலம் கலந்திருந்த கொடுமை, குழந்தைகள் நோயுற்ற பின்னரே வெளிப்பட்டது. தொட்டி கட்டப் பணம் ஒதுக்கினால் போதாது. அத்தொட்டியை நாள்தோறும் பார்க்கும் கண் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி நாடு முழுமைக்கும் உணர்த்தியது.

நம் கழகத்தோடு தொடர்புடைய ஒரு சிற்றூரில் நடந்ததைச் சொல்வோம். ஊரின் பெயர் வேண்டாம். அத்தகைய ஊர்கள் பல. ஒரு கோடையில் காலனியில் வயிற்றுப்போக்கு பரவியது. மருத்துவ முகாம் வந்தது, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தனர், சென்றனர். மறுமாதம் நோய் திரும்பியது. நம் விடுதியில் பயின்று செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்த ஒரு பெண் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தாள். குழாய் நீரில் குளோரின் உள்ளதா என்று காணும் சிறு சோதனைப் பெட்டியைத் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கேட்டு வாங்கினாள். முதல் தெருவில் நீர் மஞ்சள் நிறம் காட்டிற்று. காலனியின் கடைசிக் குழாயில் நிறமே மாறவில்லை. மருந்து போட்டது உண்மை. அம்மருந்து கடைசிக் குழாயை எட்டவில்லை என்பதும் உண்மை.

அவள் அடுத்த கிராம சபையில் எழுந்து இரண்டே கேள்விகள் கேட்டாள். தொட்டியைக் கடைசியாகக் கழுவிய நாள் எது? பிளீச்சிங் பவுடர் வாங்கிய கணக்கு எங்கே? கூட்டத்தில் சிலர் சிரித்தனர். படித்த திமிர் என்றனர். அவள் உட்காரவில்லை. அவளோடு நம் தாய்மார்கள் பன்னிருவர் எழுந்து நின்றனர். கேள்வி தீர்மானப் பதிவேட்டில் ஏறியது. ஏறியபின் அதிகாரிகள் வந்தனர். காலனிக்கு வரும் குழாய் சாக்கடையின் ஊடே விரிசலுற்றுக் கிடந்ததைக் கண்டனர். குடிநீருக்கென வந்த மானியத்தில் ஒரு பகுதி செலவாகாமலே கணக்கில் கிடந்தது. அப்பணத்தில் குழாய் மாற்றப்பட்டது. பணம் முன்பே இருந்தது. கேட்கும் நா மட்டுமே இல்லாதிருந்தது.

இளைஞர்களே, இதில் ஓர் அறிவியலும் உண்டு. குளோரின் கலந்த நீரைத் தொட்டியடியில் மட்டும் சோதித்தால் போதாது. குழாயின் வால்முனையில், கடைசி வீட்டில், லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்கவேண்டும். கடைசி வீடு காக்கப்பட்டால் ஊர் காக்கப்பட்டது என்பதே அதன் கருத்து. அக்கடைசி வீடு பெரும்பாலும் நம்முடையது. எனவே நாம் கேட்பது சலுகையன்று. அறிவியல் வகுத்த அளவுகோலை அது வகுத்த இடத்திலேயே வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாட்டின் பொதுச் சுகாதாரம் நம் தோள்மீது நிற்கிறது. தெருவைப் பெருக்கி, சாக்கடையை வாரி, ஊர் நோயுறாமல் காத்தவர்கள் நம் தாய்தந்தையர். அவர்கள் உடல்நலத்தைக் காப்பதற்கு மானியக் கணக்கில் ஒரு வரி உண்டா என்று யாரும் நெடுங்காலம் கேட்கவில்லை. கையால் மலம் அள்ளும் தொழிலை 1993ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. சாக்கடைக் குழியில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என 2014இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தது நன்றே. ஆனால் நமக்கு வேண்டியது இறந்தபின் இழப்பீடன்று; இறங்காமல் காக்கும் எந்திரம். துப்புரவு மானியத்தில் எந்திரமும் கையுறையும் காலணியும் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையும் இடம்பெற்றனவா என்று கேட்பது நம் பிள்ளைகளின் கடன்.

நம்மிடமும் குறையுண்டு, மேடையில் அதை மறைப்பது நேர்மையன்று. தனித்தொகுதியில் வென்ற நம்மவரே, பிறர் நீட்டிய தாளில் படிக்காமல் கையொப்பமிட்ட கதைகள் உண்டு. கிராம சபை நாளில் படித்த இளைஞர் நகரத்துக்குச் சென்றுவிட, படிக்காத பெரியவர் கைநாட்டு வைத்துத் திரும்பிய கதைகளும் உண்டு. பட்டம் பெற்றபின் தெருவை மறந்துவிடுவோமானால், இருபத்தைந்து ஆண்டுகள் நாம் ஏற்றிய விளக்கு நம் வீட்டுக்குள் மட்டும் எரிந்ததாகும்.

ஆகவே இவ்வெள்ளிவிழாவை முன்னிட்டு நாம் சில கடமைகளை மேற்கொள்வோம். தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபைக்கு ஆறு நாட்கள் வகுக்கப்பட்டன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்நாட்களில் ஒவ்வொரு காலனியிலிருந்தும் படித்த ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் தவறாது செல்லட்டும். ஊராட்சியில் தலைவர் இருப்பினும் தனி அலுவலர் இருப்பினும் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டு வாசிக்கட்டும். பதில் கிடைக்காவிடில் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனு எழுதட்டும். முப்பது நாளில் விடை தரவேண்டியது அலுவலர் கடமை. கிராம சுகாதாரக் குழுவில் நம் பெண்கள் இடம்பெறட்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கு மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்கிச் செலவிடுவதற்கென 2024இல் நம் மாநிலம் சட்டம் இயற்றியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இம்மாநிலத்தில் ஆதிதிராவிடர் நூற்றுக்கு 20 பேர். அந்த இருபது பங்கில் சுகாதாரத்துக்கு எவ்வளவு, அது எத்தெருவில் செலவாயிற்று என்பதை நம் இளைஞர் ஏட்டில் எழுதிவைக்கட்டும்.

நல்ல அலுவலர் பலர் உண்டு என்பதையும் மறவோம். மழையிலும் வெயிலிலும் காலனிக்கு வரும் செவிலியரை நாம் அறிவோம். நாம் கேட்கும் கணக்கு அவர்களுக்கு எதிரானதன்று. அவர்கள் கையை வலுப்படுத்துவது. கேட்போர் இல்லாத ஊரில் நல்ல அலுவலரும் சோர்ந்துபோவார்.

முன்னோர் குளத்துக்கு நடந்தனர். நாம் நடக்கவேண்டியது கிராம சபைக்கு. தொலைவு அதிகமில்லை. கையில் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். அவற்றைப் பிடிக்கக் கற்பிப்பதற்காகவே இக்கழகம் தோன்றியது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கடைசிக் குழாயில் தூயநீர் வந்து, நம் வருகைப் பதிவேட்டில் நோயால் விடுபட்ட நாட்கள் குறையுமானால், அதுவே இக்கழகம் காணும் பொன்விழா. அந்நாளுக்கு உழைக்க உறுதி பூணுவோம் என்று கூறி அமைகிறோம்.