ஒரு நாள் பின்னாடி போன பிறந்தநாள்

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். 03/04/2025, இது என்ன தேதி? நம்மளைக் கேட்டா ஏப்ரல் 3-ன்னு சொல்லுவோம். அமெரிக்காவில் ஒருத்தரைக் கேட்டா மார்ச் 4-ன்னு சொல்லுவார்.

25/04 மாதிரி வந்தால் பரவாயில்லை. 25-ஆவது மாதம் கிடையாது, புரோகிராம் எரர் காட்டிவிடும். ஆனால் 12-ஆம் தேதி வரைக்கும் எரரே வராது. தப்பான தேதி சத்தமில்லாமல் டேட்டாபேஸில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்காகத்தான் 1988-இல் ஐஎஸ்ஓ 8601 என்ற தரநிலை வந்தது. வருடம், மாதம், நாள் என்ற வரிசை: 2025-04-03. குழப்பமே இல்லை. ஃபைல் பெயருக்கு முன்னாடி இப்படித் தேதி போட்டால், பெயர் வரிசையே கால வரிசையாகவும் அமையும்.

அப்போ பிரச்சினை முடிஞ்சுதா? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விண்ணப்பப் படிவத்துக்கு ஜாவாஸ்கிரிப்டில் கோட் எழுதினேன். ஒருத்தர் பிறந்த தேதி ஏப்ரல் 15-ன்னு கொடுக்கிறார், ஏப்ரல் 14-ன்னு சேமிக்குது. திறந்து மறுபடி சேமித்தால் 13! அந்த விண்ணப்பத்துக்கு வயது வரம்பு உண்டு. ஏப்ரல் 15-க்கு முன்னாடி பிறந்தவங்க விண்ணப்பிக்க முடியாதுன்னு வைங்க, தகுதி இருந்தும் அவர் வெளியே. தப்பு அவர் மேல இல்லை, என் ஒரு வரி கோட் மேல.

என்ன நடந்தது? நான் உருவாக்கிய டேட் ஆப்ஜெக்ட், ஏப்ரல் 15 நள்ளிரவு 12 மணி, இந்திய நேரம். அதை ஐஎஸ்ஓ வடிவத்துக்கு மாற்றும் ஃபங்ஷன், முதலில் யுடிசி நேரத்துக்கு மாற்றிவிடும். நாம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அதனால் அங்கே அது ஏப்ரல் 14, மாலை 6:30. நான் அதில் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்துச் சேமித்துவிட்டேன்.

இதே கோடை நியூயார்க்கில் ஓட்டினால் சரியாக வரும், ஏன்னா அவங்க யுடிசிக்குப் பின்னால் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிக்கல் தலைகீழ். 1998-04-15 என்ற எழுத்தை அப்படியே டேட் ஆப்ஜெக்டாக மாற்றினால், ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நியூயார்க் திரையில் ஏப்ரல் 14-ன்னு தெரியும்.

நான் கத்துக்கிட்டது இதுதான். பணம் செலுத்திய நேரம் என்பது ஒரு நொடி. அதை யுடிசியில் சேமிச்சு, காட்டும்போது மாத்திக்கலாம். பிறந்தநாள் நொடி இல்லை, காலண்டரில் ஒரு கட்டம். அதுக்கு நேரமும் வேண்டாம், டைம்ஸோனும் வேண்டாம். டேட்டாபேஸில் டேட் டைப், பைத்தானில் டேட், ஜாவா 8-இலிருந்து லோக்கல்டேட், இவையெல்லாம் அதுக்குத்தான் இருக்கு.

இன்னைக்கு உங்க கோடில் பிறந்த தேதி எப்படிச் சேமிக்கப்படுதுன்னு ஒரு தடவை பாருங்க.