நுனிப்புல் மேயும் கண்ணுக்கு எழுதுதல்

புணேயிலிருந்து லோணாவளா செல்லும் இரயில் பாதையில் தேஹு ரோடு ஒரு நிலையம். படைத்துறைக் கிடங்குகளை ஒட்டி வளர்ந்த அவ்வூரில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. மராத்தியிலோ ஆங்கிலத்திலோ கல்வி கற்று, வீட்டில் மட்டும் தமிழ் பேசும் இளைஞர் ஒருவர், புறநகர் வண்டியில் நின்றபடி கைப்பேசித் திரையில் நம் எழுத்தைப் பார்க்கிறார் என வைத்துக்கொள்வோம். அவருக்கு எப்படி எழுதுவது?

நுனிப்புல் மேய்தல் என்று நம் பெரியோர் இகழ்ந்த பழக்கமே திரையில் இயல்பாகிவிட்டது. 1997இல் ஜேக்கப் நீல்சன் வெளியிட்ட ஆய்வில், 100க்கு 79 பேர் புதிய பக்கத்தை மேலோட்டமாகவே பார்த்தனர். சொல் சொல்லாகப் படித்தவர் 16 பேரே. கண் முதற் சில வரிகளில் ஓடுகிறது; பின்னர் இடது ஓரமாகக் கீழே இறங்கிவிடுகிறது என்பது 2006இல் அவர் கண்டது. செய்தித்தாளையும் நாம் அப்படித்தானே புரட்டுகிறோம்!

ஆகவே முக்கியமான சொல்லை முதலில் வை என்கின்றனர். ஆங்கிலத்தில் இஃது எளிது. தமிழிலோ வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறது. மறுப்பும் அங்கேதான் வருகிறது. ஓர் அறிவிப்பைக் காண்போம்: “ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளி வளாகத்தில் நடைபெறுவதாக இருந்த இலவசக் கண் மருத்துவ முகாம் மழையின் காரணமாக நடைபெறாது.” பாதியில் கண்ணை எடுத்த முதியவர் ஞாயிறன்று நனைந்துகொண்டு போய் நிற்பார். “கண் மருத்துவ முகாம் ரத்து. காரணம் மழை” என்றால் தீர்ந்தது. இலக்கணம் சிறிதும் கெடவில்லை.

அடுத்தது சந்தி. 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் அச்சிட்டார். புலவர்க்கே உரியனவாயிருந்த செய்யுட்களை எளியோரும் படிக்க முடிந்தது. திரைக்கு இம்முறை இன்னும் பொருந்தும். “அறிவிக்கப்பட்டிருந்தபோதிலும்” என்னும் ஒரு சொல்லே கைப்பேசியில் ஏறக்குறைய ஒரு வரியை விழுங்கிவிடுகிறதன்றோ? “அறிவித்தார்கள், ஆனால்” என்று எழுதுவதில் என்ன குறை?

சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, பெரிய தலைப்புக்களாலும் சிறு வாக்கியங்களாலும் புதிதாக எழுத்தறிந்தோரைப் பத்திரிகை வாசகராக்கியது. அத்தமிழ் கொச்சையானது என்றோர் பலர். தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றோர் கேட்கும்படி அஃது அமைந்திருந்தது என்பதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

உட்தலைப்பும் வேண்டும், ஆனால் “முன்னுரை” என்னும் தலைப்பு யாருக்கும் எதையும் சொல்வதில்லை. “விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 30” என்பது தலைப்பு. தடித்த எழுத்தை எங்கும் தூவுவதோ, உரக்கக் கத்துவோர் நிறைந்த சந்தைபோல் ஆகிவிடும். எழுதி முடித்ததும் அதே சிறு திரையில், இடது ஓரத்துச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பார்க்கலாம். அங்கே “மேற்குறிப்பிட்ட”, “அதுமட்டுமன்றி” என்பன மட்டுமே தென்பட்டால், வண்டி அடுத்த நிலையம் சேருமுன் அந்த இளைஞர் வேறொன்றைப் பார்க்கப் போயிருப்பார்.