முகத்துக்குப் பின்னால் உள்ள ஊர்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வட்டத்தின் முதற்கூட்டம் முடிந்து வெளியே வந்து நின்றபோது எடுத்த படத்தை, இன்று காலை வாயிலில் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். உள்ளே வந்த ஒவ்வொருவரும் குனிந்து தத்தம் முகத்தைத் தேடினீர்கள். நானும் தேடினேன். பத்தாண்டுகளுக்கு முன் என் தலையில் மயிர் இருந்தது என்பதற்கு இப்போது அந்தப் படமே சான்று. முகத்தைக் கண்ட பிறகு, என் கண் நமக்குப் பின்னால் நின்ற புளியமரத்துக்குச் சென்றது. அதன் அடியில் ஒரு மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை. பக்கத்தில் திராட்சைப் பெட்டிகள் ஏற்றிய ஒரு சிறு வண்டி. பின்னர்ச் சாலையை அகலப்படுத்தியபோது மரம் போயிற்று. மரத்தோடு கடையும் போயிற்று. அன்று படம் எடுத்த நண்பர் மரத்தை எடுக்க நினைத்தவரல்லர். அது தானாகவே வந்து நமக்குப் பின்னால் நின்றுகொண்டது. நம் முகங்கள் வேறு எத்தனையோ படங்களில் உள்ளன. அந்த மரம் இருக்கும் படம், நான் அறிந்தவரை, இது ஒன்றுதான்.

கம்பம் பள்ளத்தாக்கையும் புகைப்படத்தையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் வரலாற்றாசிரியன் அல்லன். புகைப்படத்தைத் தொழிலாகக் கொண்டவனும் அல்லன். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஞாயிறுதோறும் மிதிவண்டியில் ஏறி, கழுத்தில் ஒரு பழைய காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, மாலைக்குள் திரும்பக்கூடிய தொலைவுக்குப் போய்வந்தவன். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஆற்றை ஒட்டிய ஊர்களே என் உலகம். மேற்கே ஏலமலைச் சுவர், கிழக்கே மேகமலை, நடுவே முல்லையாறு. இந்த மூன்றுக்குள் நாற்பது ஆண்டுகள் சுற்றியும் எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

சித்திரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேறுகிறோம். ஆண்டில் ஒரு நாள் மட்டுமே திறக்கும் வழி அது. அன்று எடுக்கப்படும் படங்களுக்குக் கணக்கில்லை. சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கும் அவ்வாறே. எஞ்சிய நாட்களை யார் எடுக்கிறார்கள்? மதுரை–போடி மீட்டர்பாதை ரயில் 2010 இறுதியில் நின்றபோது, கடைசி வண்டிக்கு முன் நின்று படமெடுத்துக்கொள்ளக் கூட்டம் முண்டியது. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அதே வண்டியில் கீரைக்கட்டோடு அமர்ந்திருந்தவரைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அகலப்பாதையில் 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் வண்டி வந்தது, மறுபடியும் கூட்டம். நான் பேச வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அதில் பிழை என்னுடையது.

1994ஆம் ஆண்டு ஆடி மாதம். உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் இடையே எங்கோ ஒரு வயலில் ஏழு பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். காலை வெயில் அவர்கள் முகத்தில் விழுந்தது. பின்னால் மேற்கு மலை தெளிவாக இருந்தது. வரப்பில் நின்று ஒரே ஒரு படம் எடுத்தேன். சுருளுக்கு 36 படம் என்ற காலம். ஒன்றுக்கு மேல் எடுக்க மனம் வராது. நடுவில் நின்ற மூதாட்டி நிமிர்ந்து பார்த்து, "எடுத்தா மட்டும் போதுமா, ஒண்ணு குடுப்பீகளா?" என்று கேட்டார். "தருகிறேன்" என்றேன். தரவில்லை. ஊரைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஐயா, எங்கம்மா உங்க போட்டோவுல இருக்காங்களாம். செத்துப் பத்து நாளாச்சு. பதினாறாம் நாளுக்கு வைக்க ஒரு படம் இல்ல" என்றார். அந்த அம்மையார் வாழ்ந்த காலமெல்லாம் எடுக்கப்பட்ட ஒரே படம் என் பெட்டியில் கிடந்திருக்கிறது. நெகட்டிவைத் தேடிக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கழுத்துக்குக் கீழே ஒரு பட்டுச்சேலையும் காசுமாலையும் பொருத்தி, பின்னால் நீலத்திரை போட்டுக் கொடுத்தார். வயல் இல்லை, மலை இல்லை, சேற்றுக்கை இல்லை. எனக்கு மனம் கசந்தது. மகனோ அதைப் பார்த்துக் கண்கலங்கி நின்றார். தாய் ஒருநாளும் உடுத்தாத பட்டை, இறந்த பிறகாவது உடுத்திப் பார்த்தார். அதைப் பிழை சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று பின்னர் உணர்ந்தேன்.

கதை அத்துடன் முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகள் வந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். "எங்க அப்பத்தாவோட முழுப்படம் உங்ககிட்ட இருக்காமே, பார்க்கலாமா தாத்தா?" என்றாள். காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டாள். "இது எந்த வயல்? கூட நிக்கிற ஆறு பேரும் யார் யாரு?"

எனக்குத் தெரியவில்லை. சங்கத்துக் கணக்கில் ஒரு காசு விடாமல் தேதியும் விவரமும் எழுதிய கை இது. படத்தின் பின்புறத்தில் ஓர் ஊர்ப்பெயரை எழுதியிருக்கவில்லை.

அந்தப் பெண் என்னை விடவில்லை. படத்தின் நகலை எடுத்துக்கொண்டு இருவரும் புறப்பட்டோம். படத்தில் நமக்கு உதவியது முகங்களல்ல. பின்னால் தெரிந்த மலைமுகடும், ஓரத்தில் அரைகுறையாக விழுந்திருந்த ஒரு மடைத்தூணும்தான். தூரத்து மலையின் வடிவம் நாம் வடக்கே தெற்கே நகரும்போது மெல்ல மாறும்; அருகில் உள்ள தூண் உடனே இடம்பெயரும். தூணும் முகட்டுப் பிளவும் படத்தில் உள்ளது போலவே ஒன்றுக்கு நேர் ஒன்று வரும் இடத்தில்தான் அன்று காமிரா இருந்திருக்க வேண்டும். வாய்க்காலை ஒட்டி மூன்று ஞாயிறுகள் நடந்தோம். மூன்றாம் ஞாயிறு தூண் கிடைத்தது. வயல் வீட்டுமனையாகியிருந்தது, எல்லைக்கற்களுக்கு நடுவே நின்று படத்தைத் தூக்கிப் பிடித்தோம். மலை சரியாகப் பொருந்தியது.

அருகிலிருந்த தெருவில் ஒரு பாட்டியிடம் படத்தைக் காட்டினோம். அவர் நால்வரின் பெயரைச் சொன்னார். ஐந்தாவதாகச் சுட்டிய முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நாந்தேன்" என்றார். ஆறாமவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பெண் படத்தின் பின்புறத்தில் பெயர்களை எழுதி, கடைசி வரியை வெற்றிடமாக விட்டிருக்கிறாள்.

அன்பர்களே, இந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்து நம் பள்ளத்தாக்கின் பெரிய வரலாற்றைப் பார்க்கிறேன். நம் தேநீர்க் கடைகளிலும் வீடுகளிலும் பென்னிகுயிக் அவர்களின் படம் சாமி படங்களோடு மாலையிடப்பட்டுத் தொங்குகிறது. அது தகும். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணை 1887இல் தொடங்கி 1895இல் நிறைவு கண்டது. இன்று இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்த நீரால். லோயர் கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பிறந்த சனவரி 15ஆம் நாளை நம் மக்கள் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நானும் பொங்கல் வைத்தவன்தான்.

ஆனால் நாம் மாட்டியிருப்பது ஒரு முகம். முகத்துக்குப் பின்னால் இருந்தவர்களை எங்கே காண்பது? காட்டாற்று வெள்ளத்தில் கட்டிய கட்டு அடித்துப்போக, மீண்டும் கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பும் சுர்க்கியும் அரைத்தவர்கள், முறைக்காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் அந்தக் காட்டிலேயே மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே உழைத்தார்கள். அவர்களுக்கு நீலத்திரைகூடப் போடப்படவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இந்த ஊர்களில் இருக்கக்கூடும். எந்த வீட்டில் அந்த நினைவு இன்னும் கதையாக இருக்கிறது என்று நாம் போய்க் கேட்டதுண்டா?

பழைய ஆவணங்களிலும் இதே நிலைதான். சின்னமனூர்ச் செப்பேடுகளை நாம் எதற்காகப் போற்றுகிறோம்? பாண்டியர் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் அவை கூறுவதால். புலவர்களாகிய உங்களுக்கு அது பெருமை. அந்தப் புகழ்மாலைதான் செப்பேட்டின் முகம். ஆனால் பழைய செப்பேடுகளில் மன்னன் புகழ் முடிந்தபின் எல்லை கூறும் பகுதி வரும். கொடையளித்த நிலத்தைச் சுற்றிப் பிடியானையை நடத்தி, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இன்ன மேட்டுக்குக் கிழக்கு என்று எழுதி வைத்தார்கள். யாரும் சுவைத்துப் படிக்காத பகுதி அது. ஓர் ஊர் தன் பழைய உடம்பைத் தேடும்போது கைகொடுப்பது அந்த வரிகள்தான். அன்றைய எழுத்தர் என்னைவிட நல்ல கணக்கர்.

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயில் குன்றுக்குப் பலரும் போயிருப்பீர்கள். திருக்குணகிரி என்று பெயர். பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன; கீழே வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள். அவற்றுள் அச்சணந்தி என்ற பெயரும் உண்டு. அங்கே காவல்தெய்வத்தைக் கும்பிட வருவோரும், நிழலுக்கு ஒதுங்குவோரும் ஆயிரம் ஆண்டுப் பெயர்களுக்கு முதுகைக் காட்டி அமர்கிறோம். உச்சிவெயிலில் எடுத்தால் அந்த எழுத்துகள் படத்தில் விழா. வெயில் பாறையின் மேல் சாய்ந்து விழும் வேளையில் போனால், எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கி, வரி வரியாக எழுந்து நிற்கும். எழுத்துத் தெளிவதற்காகச் சுண்ணக்கட்டியோ எண்ணெயோ தேய்க்காதீர்கள். காத்திருந்தால் போதும், கதிரவன் அந்த வேலையைச் செய்வான்.

நம் மாவட்டத்திலேயே வைகைக்கரைப் புலிமான்கோம்பையில், 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டார்கள். அவற்றில் ஒன்று, கூடல் என்னும் ஊரில் நடந்த ஆகோளில் பட்டவனுக்கு எடுத்தது. தொல்காப்பியத்தில் வெட்சித்திணையில் நாம் படித்த ஆகோள், நம் ஆற்றங்கரைக் கல்லில் ஒரு மனிதன் பெயரோடு நிற்கிறது. அது அதுவரை யாருடைய கண்ணிலும் படாமல் இருந்ததா? பட்டிருக்கும். ஒரு கல்லாகப் பட்டிருக்கும்.

இங்குள்ள கவிஞர்களிடம் உரிமையோடு ஒரு சொல். நம் வட்டத்துக் கவிதைகளைப் பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவற்றில் ஆறு வருகிறது, மலை வருகிறது, மரம் வருகிறது. எந்த ஆறு, எந்த மலை, என்ன மரம் என்று பல நேரம் தெரிவதில்லை. நீலத்திரையின் முன் நிறுத்திய முகம்போல் அவை அழகாக இருக்கின்றன. சங்கப் புலவர் குறிஞ்சியையும் மருதத்தையும் கருப்பொருளோடு வகுத்தது, அவற்றை நடந்து கண்டதால் என்று நினைக்கிறேன். மடைத்தூணின் பெயரைக் கவிதையில் எழுதச் சொல்லவில்லை. எழுதுமுன் அதன் அருகில் ஒருமுறை நில்லுங்கள் என்கிறேன்.

இப்போது எல்லோர் கையிலும் கைப்பேசி. ஒரே காலையில் நான் ஓராண்டில் எடுத்ததைவிட அதிகம் எடுக்கிறோம். ஆனால் பின்புறம் இல்லாத படங்கள் அவை, எழுத இடமில்லை. கருவி தானாகக் குறிக்கும் தேதியும் இடமும், படம் கைமாறிச் செல்லும்போது உதிர்ந்துவிடுகின்றன. வயலின் பெயரும் நிற்பவர் பெயரும் நாம் எழுதினாலன்றி எதிலும் ஏறுவதில்லை.

ஆகவே வட்டத்தின் இரண்டாம் பத்தாண்டுக்கு என் வேண்டுகோள் இது. மாதம் ஒரு ஞாயிறு, அரை நாள், ஐந்தாறு பேராகப் புறப்படுவோம். திருவிழா இல்லாத நாளாக இருக்கட்டும். மதகு, களம், சந்தை, இடுகாடு, பூட்டிய அரிசி ஆலை, பந்தலில் பன்னீர்த் திராட்சை என எதிர்ப்பட்டதை எடுப்போம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சையைப் பறிக்கும் கைகளையும் சேர்த்து எடுப்போம். படத்தில் உள்ளவரின் இசைவு கேட்டு, பெயர் கேட்டு, எடுத்த இடமும் நாளும் நோக்கிய திசையும் குறித்து, ஒரு படியை அவருக்கே முதலில் கொடுப்போம். இன்னொரு படியைத் தாளில் அச்சிட்டு, பின்புறம் எழுதி, நம் நூலக அலமாரியில் வைப்போம். கணக்கெழுதும் வேலையை நான் ஏற்கிறேன். இந்த முறை விடாமல் எழுதுவேன்.

வெளியே செல்லும்போது வாயிலில் உள்ள படத்தை இன்னொரு முறை பாருங்கள். அந்த மிதிவண்டிக் கடைக்காரர் குனிந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். அவர் முதுகு மட்டும் தெரிகிறது. அவர் பெயர் அறிந்தவர் இந்த அவையில் யாரேனும் இருந்தால், போவதற்குமுன் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பேனாவோடு வாயிலருகே நிற்பேன்.