காரணம் என்றொரு கட்டம்

(மாணவர் காவல் படைப் பொறுப்பாசிரியர்களிடையே ஆற்றிய உரை)



திருத்தணிக்குப் பக்கத்தில் உள்ள அம்மையார்குப்பம் என் சொந்த ஊர். தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். சிறுவயதில் சாப்பிட அடம்பிடித்தால், "போலீஸ்காரர் வரார் பாரு" என்பார்கள் வீட்டில். அந்தப் பயம் வளர்ந்த பிறகும் போகவில்லை.

அந்த இடைவெளியைக் குறைக்க வந்த திட்டம்தான் மாணவர் காவல் படை. கேரளாவில் 2010 ஆகஸ்ட் 2 அன்று தொடங்கியது. 2018 ஜூலை 21 அன்று குருகிராமில் தேசியத் திட்டமானது. 8, 9ஆம் வகுப்பு மாணவர்களுக்கானது. மாதம் ஒரு வகுப்பு. பாடநூல் இல்லை, தேர்வும் இல்லை. சாலைப் பாதுகாப்பு, பெண்கள், குழந்தைகள் பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை ஆகியவற்றோடு பிறர் நிலை உணர்தல், பொறுமை, சகிப்புத்தன்மை ஆகியவையும் இதில் உண்டு.

இந்தக் கடைசி மூன்றையும் நான் படித்தேன்; மறந்தும் போனேன். படையில் சேர்ந்த 8ஆம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "தாமதமாக வருபவர் பெயரை எழுதும்மா" என்றேன். இரண்டு வாரத்தில் ஒரு 7ஆம் வகுப்புப் பையனின் பெயர் ஆறு முறை வந்தது. ஆறு முறையும் அவனை வெளியே நிற்க வைத்தேன்.

ஏழாவது முறை அவன் தாமதமாக வந்ததை நானே பார்த்தேன். நோட்டில் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"நேத்து அவன் வீட்டுக்குப் போனேன் சார். அவங்க அம்மாவுக்குக் கை உடைஞ்சிருக்கு. காலையில இவன்தான் தார் சுத்திட்டு வரான். எழுதினா நீங்க நிக்க வைப்பீங்க. அதான் எழுதல. தப்பா சார்?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு சொன்னேன்: "மறைச்சது தப்பும்மா. போய் விசாரிச்சது சரி. விசாரிக்காமலே தண்டிச்சேன் பாரு, அதுதான் பெரிய தப்பு."

அன்று மாலை வகுப்பாசிரியருடன் அவன் வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம் பேசினோம். கை சரியாகும்வரை தார் சுற்றித் தரப் பக்கத்து வீட்டு அக்கா ஒப்புக்கொண்டார். பையனிடம் மன்னிப்பு கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இப்போதும் சில நாள் தாமதமாகத்தான் வருகிறான். ஆனால் என்னைப் பார்த்து ஒளிவதில்லை.

நண்பர்களே, சக மாணவர்களைக் கண்காணிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால், நம் சிறுவயதுப் பயத்தைத்தான் சீருடை போட்டுத் திரும்பக் கொண்டுவருவோம். எங்கள் நோட்டில் இப்போது பெயருக்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேருந்து வரவில்லை, தம்பிக்குக் காய்ச்சல், தண்ணீர் பிடிக்கப் போனேன் என்று நிரம்புகிறது. பள்ளியால் தீர்க்க முடியாத காரணம் வந்தால் 1098 இருக்கிறது. அந்த எண் எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம்.

உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு நோட்டு இருந்தால், இன்றே அந்தக் கட்டத்தைப் போடுங்கள்.