காரணம் எழுதாத ஆணை

சாதாரணக் குடிமகன் அரசைச் சந்திப்பது தாலுகா அலுவலகத்திலும் உரிமம் வழங்கும் அதிகாரியின் மேசை முன்பும்தான். அங்கே அவருக்குத் துணை நிற்பது நிர்வாகச் சட்டம். அதில் மிக வலுவானதாக நான் கருதும் விதி இது: அதிகாரம் யாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அவரே யோசித்து முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவு, அன்றே சொன்ன காரணத்தின் பலத்தில் நிற்க வேண்டும்.

பம்பாயை அடுத்த அந்தேரியில் திரையரங்கு கட்ட கோர்தன்தாஸ் பாஞ்ஜி என்பவருக்கு 1947 ஜூலையில் போலீஸ் கமிஷனர் அனுமதி தந்தார். செப்டம்பரிலேயே, அரசின் உத்தரவுப்படி அனுமதி ரத்து என்று அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஆனால் விதிகளின்படி ரத்து செய்யும் அதிகாரம் கமிஷனருக்கே உரியது. அது கமிஷனரின் சொந்த முடிவுதான் என்று பின்னர் வாதாடியதை உச்ச நீதிமன்றம் 1951-இல் ஏற்கவில்லை. ஆணையை அதில் எழுதியிருக்கும் சொற்களைக் கொண்டே படிக்க வேண்டும், அதிகாரி பிறகு தரும் விளக்கத்தைக் கொண்டு அல்ல என்றது. 1977-இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயரும் இதையே வலியுறுத்தினார். இதன் பயன் நீதிமன்றத்துக்கு வெளியேதான் அதிகம். காரணம் எழுதியாக வேண்டுமென்றால் கோப்பைப் படித்தாக வேண்டும். மேலிடத்திலிருந்து தொலைபேசியில் வந்த சொல்லை எந்த அதிகாரியாலும் காரணமாக எழுதிவிட முடியாது.

மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் வேலையை நீதிபதிகள் பறிக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அந்தேரி வழக்கில் நீதிமன்றம் தானே முடிவெடுத்துவிடவில்லை. சுயமாக யோசித்து ஆணையிடுங்கள் என்று கமிஷனரிடமே திருப்பி அனுப்பியது. அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது இன்னொரு கேள்வி. 1977-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை முடக்கிய அரசு, பொதுநலன் என்று சொல்லிக் காரணம் தர மறுத்தது. முடக்குவது அவசரமானால் முடக்கிய உடனேயாவது அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது 1978-இல் வந்த தீர்ப்பின் சாரம். ஒப்புக்கு ஒரு காரணம் எழுதித் தப்பிக்கலாமே என்பதுதான் கனமான ஆட்சேபம். தப்பிக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் பொய்க் காரணத்தைக் கோப்போடு ஒப்பிட்டு உடைக்கலாம்; மௌனத்தை எதோடு ஒப்பிடுவது?

பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைத் தெரிவிப்பது அலுவலகத்தின் கடமை என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4-இலேயே சொல்கிறது. உங்கள் மனு ஒரே வரியில் தள்ளுபடியானால், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.